குறுக்குப் பட்டையும் குழந்தைத் தூளியும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் கள்ளக்குறிச்சி மலைவிளைபொருள் வணிகர் சங்கத்தின் தலைவர், பெரியவர் சர்புதீன் அவர்களே! கடலூரிலிருந்து பேருந்தில் வந்து, கசங்காத சட்டையோடும் கலங்காத முகத்தோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பாதுகாப்பு ஆய்வாளர், மதிப்பிற்குரிய ராமசாமி ஐயா அவர்களே! மண்டி நடத்தும் மாண்புமிகு வணிகப் பெருமக்களே! மூட்டை சுமந்து முதுகு காய்த்த தோழர்களே! கடுக்காய் பிரித்துப் பிரித்துக் கை கறுத்த தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் மடியில் அமர்ந்து, என் உரை தொடங்கும் முன்பே தங்கள் உரையைத் தொடங்கிவிட்ட மழலைச் செல்வங்களே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி பொழியட்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜெபீனா. சங்கராபுரம் சாலையில் கடுக்காய் மண்டி வைத்திருக்கும் காஜா பாயின் மருமகள். விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் பட்டம் படித்தவள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தாய். அந்தப் பிள்ளை, ஆஷிக், அதோ என் மாமியார் தோளில் இருக்கிறான். நான் இடையிடையே அந்தப் பக்கம் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுகிற வாய் உங்களுக்கு, பார்க்கிற கண் அவனுக்கு.

பாதுகாப்பு வார விழாவில் என்னைப் பேச அழைத்தார்கள். தலைப்பு என்ன என்று கேட்டேன். "ரேக்கைப் பத்திப் பேசும்மா" என்றார் தலைவர். கிடங்குகளில் மூட்டை அடுக்கும் இரும்பு அடுக்கை, எழுத்தில் அடுக்கு என்போம், வாயில் ரேக்கு என்போம். அதை ஆண்டுதோறும் ஆய்வு செய்வது எப்படி, ஏன், எதற்கு? இதுதான் தலைப்பு.

பின்னால் யாரோ கேட்கிறீர்கள். சத்தமாகவே கேளுங்கள். என்ன? "ரேக்குக்கு இன்னாம்மா பேச்சு? தூக்கிப் போட்டா நிக்கும், அவ்ளோதான்!" நன்றி அண்ணா. நிற்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது நிற்காமல் போன ஒரு பிற்பகலைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

அவையோரே! ஓர் அடுக்கைத் தாங்குவது எது? காலா? கால் மட்டுமா தாங்குகிறது? பலகையா? பலகை வெறுமனே படுத்திருக்கிறது. நட்டும் போல்ட்டுமா? அவை பிடித்திருக்கின்றன, அவ்வளவே. நீளநெடுக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள்களை நிறுத்தி, குறுக்கே ஆங்கிள் பூட்டி, பலகை பரப்பிவிட்டால் ரேக்கு என்கிறோம். ஆனால் அந்தக் கால்களுக்கு இடையில் சாய்வாக ஓர் இரும்புப் பட்டை போகிறதே, கவனித்திருக்கிறீர்களா? மூட்டையைத் தொடாத பட்டை. பார்வைக்கு ஒரு வேலையும் செய்யாத பட்டை. வீட்டில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் போன்ற பட்டை. காலை அந்தப் பக்கம் சாயவிடாமல், இந்தப் பக்கம் சாயவிடாமல் பிடித்திருப்பது அதுதான். பாரம் ஏற ஏற மெல்லிய கால் வளையப் பார்க்கும். வளையாதே என்று வழியில் நிற்பது அதுதான். குறுக்குப் பட்டை! அதைக் கழற்றிய அன்றும் ரேக்கு நிற்கும். மறுநாளும் நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். அதுதான் அதில் உள்ள ஆபத்து.

அழுகிற பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டாம் தாயே, இங்கேயே இருங்கள். அந்தக் குரலுக்கு இந்த உரையில் வேலை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

எங்கள் மண்டியில் பெண்கள் தரையில் உட்கார்ந்து கடுக்காய் பிரிப்பார்கள். முதல் தரம் ஒரு பக்கம், வண்டு துளைத்தது ஒரு பக்கம். வாணியம்பாடித் தோல் பட்டறைகளுக்குப் போகிற சரக்கு அது. கைக்குழந்தையோடு வருகிற பெண் குழந்தையை எங்கே போடுவாள்? தரையில் எலி. வாசலில் லாரி. அண்ணாந்து பார்த்தால் கூரை எட்டாத உயரம். கைக்கெட்டும் உயரத்தில், கனமாக, குறுக்காக ஓர் இரும்பு. ரேக்கின் முதல் தட்டு! அதில் புடவையைப் போட்டு முடிந்தால் தூளி. காலால் ஆட்டிக்கொண்டே கையால் காய் பிரிக்கலாம். எந்த மண்டியில் இது இல்லை? எந்தத் தாய் இதைச் செய்யவில்லை? ஊருக்கெல்லாம் ரேக்கு என்றால் மூட்டை வைக்கிற இடம். நம் ஊரில் மட்டும் மேலே மூட்டை, கீழே பிள்ளை.

எங்களிடம் பச்சையம்மாள் என்று ஒரு பெண். அவள் மகளுக்குப் பெயர் தேவிப்ரியா. பிரசவ வார்டில் நர்சம்மா வைத்த பெயராம். மண்டியில் யாருக்கும் அது வாயில் நுழையாமல் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் எங்கள் மேஸ்திரி தெய்வசிகாமணி அந்தப் பாப்பாவைப் பார்த்துவிட்டு நின்றார். இதை நான் அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அதோ, தூண் ஓரம் நிற்கிறார். அவர் கேட்டதை அவர் கேட்டபடியே சொல்கிறேன்.

"இன்னா பச்சையம்மா, புள்ள மண்டையில இன்னா வீக்கம்?"

"அந்தப் பட்டதான் மேஸ்திரி. ஆட்டனா நேரா போயி அதுலதான் இடிக்குது. நானும் தலமாட்ட மாத்திப் போட்டேன், இப்ப காலு இடிக்குது."

"இதுக்கா மூஞ்சத் தூக்கிக்கினுகீற? கழட்டிட்டாப் போச்சு."

"ஐயையோ, ரேக்கு வுழுந்துடப் போவுது."

"இத்தாம் பெரிய ரேக்கு, ஒரு பட்ட இல்லன்னா வுழுந்துடுமா? உங்க வூட்டுக்காரு இல்லாம நீ நிக்கல?"

சிரிக்கிறீர்கள். அன்று பச்சையம்மாளும் சிரித்தாள். பட்டை கழன்றது. பிள்ளையின் தலை பிழைத்தது. அவையோரே, இதில் எங்கே கெட்ட எண்ணம்? எங்கே சோம்பல்? எங்கே சூழ்ச்சி? எங்கள் மண்டியில் நடந்த தவறு கருணையால் நடந்த தவறு. அதனால்தான் அதை யாரும் தவறு என்றே நினைக்கவில்லை. என் மாமா அதைக் கேட்டு, "நல்ல காரியம் பண்ணே மேஸ்திரி" என்று பாராட்டினார். அவரும் இங்கே இருக்கிறார். அவரையும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். மாமா, முறைக்காதீர்கள்.

பிறகு ஆடியில் ஆய்வு வந்தது. ஆய்வு என்றால் முதலில் அட்டை வரும்; இன்ன நாளில் வருகிறோம் என்று. அட்டை வந்ததும் மண்டிக்கு மணப்பெண் கோலம்! ஒட்டடை அடிப்பார்கள். சுண்ணாம்பு அடிப்பார்கள். தூளிகளை அவிழ்த்து மடித்து மூட்டைக்குப் பின்னால் ஒளிப்பார்கள். "நாளைக்குப் புள்ளைங்களத் தூக்கினு வராதீங்க" என்பார்கள். கழற்றிய பட்டையைத் தேடி எடுத்து மாட்டுவார்கள். எல்லாம் முடிந்து ஆய்வாளர் வந்தால், அவர் பார்ப்பது எங்கள் மண்டி அல்ல. எங்கள் மண்டியின் புகைப்படம்.

ராமசாமி ஐயா அன்று ரேக்கைச் சுற்றி வந்தார். குனிந்தார். ஒரு போல்ட்டைத் தொட்டார். "எல்லா போல்ட்டும் துருவேறி இருக்கு, இது மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டார்.

மேஸ்திரி சொன்னார்: "ஆயுத பூசைக்குத் தொடச்சதுங்க."

"ஆயுத பூசை வர நாள் இருக்கே?"

"போன வருசத்துதுங்க. எங்க தொடைக்கிற கை அப்படி."

ஐயா சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. சந்தேகப்பட்டார், ஆனால் சந்தேகத்தை எதன் மீது வைப்பது? பட்டை இருக்கிறது. போல்ட்டு இருக்கிறது. தூளி இல்லை, பிள்ளை இல்லை, பிள்ளையின் தலை இடித்த கதை இல்லை. கண்ணுக்குக் காட்டாததைக் கண் எப்படிக் காணும்? ஒரு தட்டில் இத்தனை மூட்டைக்கு மேல் கூடாது என்று பலகையில் எழுதி மாட்டச் சொன்னார். மாட்டினோம். அவர் ஏறிய பேருந்து புறப்பட்டது. பேருந்து திரும்பும் முன் பட்டை கழன்றது, தூளி ஏறியது. அடுத்த வாரம் அந்தப் பலகையின் ஆணியிலேயே எங்கள் கடைக் காலண்டரையும் மாட்டினோம். பலகை பத்திரமாக இருந்தது, காலண்டருக்குப் பின்னால்.

அப்புறம் வந்தது புரட்டாசி. சென்ற ஆண்டு, எண்பத்தேழு புரட்டாசியை நம் தென்னாற்காட்டில் யார் மறப்பார்கள்? இட ஒதுக்கீடு கேட்டு எழுந்த போராட்டம். சாலைக்குச் சாலை வெட்டிச் சாய்த்த மரங்கள். ஓடாத பேருந்து, நகராத லாரி. அதன் நியாயத்தை நான் இந்த மேடையில் அளக்கப் போவதில்லை. இந்த அரங்கில் மறியலில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறீர்கள். மறியலில் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறீர்கள். அதில் உறவை இழந்தவர்களும் இருக்கக்கூடும். அவர்கள் துயரத்துக்கு முன் தலை தாழ்த்துகிறேன். நான் சொல்வது ஒரு ரேக்கின் கதை மட்டும்.

வாணியம்பாடிக்குக் கிளம்ப ஏற்றி நிறுத்திய லாரி எங்கள் வாசலிலேயே நின்றது. வானம் இருண்டது. கடுக்காய் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். "எறக்குங்கடா!" என்றார் மாமா. தரையெல்லாம் ஏற்கெனவே சரக்கு. மலையிலிருந்து வந்த சாமை மூட்டைகள் வேறு. எங்கே இறக்குவது? ரேக்கில். முதல் தட்டு நிறைந்தது, இரண்டாம் தட்டு நிறைந்தது, மேல் தட்டும் நிறைந்தது. எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருந்ததே? எழுதியிருந்தது. காலண்டரைத் தூக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கீழே, தூளியில், பாப்பா.

எங்கள் வீடு மண்டியின் பின்கட்டு. நான் வாசற்படியில் ஆஷிக்குக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மண்டிக்குள் பச்சையம்மாள் தூளியை ஆட்டுவது தெரிந்தது. ஆட்டும்போதெல்லாம் ரேக்கு முனகியது. கிரீச், கிரீச் என்று. பிள்ளை அந்தச் சத்தத்துக்குத்தான் தூங்கும் என்று பெருமையாகச் சொல்வாள் அவள். இரும்பு சொன்ன எச்சரிக்கையை நாங்கள் எல்லோரும் தாலாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தோம், அவையோரே! அன்றைக்கு மட்டுமா? அந்தப் பட்டை கழன்ற நாள் முதல்!

திடீரென்று பச்சையம்மாள் எழுந்தாள். தூளியிலிருந்து மகளைத் தூக்கினாள். "ஒனக்கு வேற நேரமே கெடைக்கலியா? இப்பத்தானடி தூங்கவெச்சேன்! மொத்தமா நனச்சு வெச்சிருக்குது பாரு" என்று திட்டிக்கொண்டே, குழந்தையைக் கழுவ என் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு வந்தாள்.

அவள் தொட்டியில் சொம்பை முக்கினாள். உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

நடுக்கால்தான் முதலில் மடங்கியது. வண்டி மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்குமே, அப்படி. பட்டை இல்லாத இடத்தில், கீழே, உள்பக்கமாக. அது மடங்கியதும் மேல் தட்டு சாய்ந்தது, பலகைகள் சறுக்கின, மூட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. மெதுவாகத்தான் விழுந்தது போல இருந்தது. யாரும் அசைவதற்குள் முடிந்தும் போயிற்று. தூசி. மூட்டை வாய் பிரிந்து தரையெங்கும் ஓடிய கடுக்காய். தூளி இருந்த இடம் தெரியவில்லை.

மேஸ்திரி தெய்வசிகாமணிக்குப் பிள்ளை வெளியே போனது தெரியாது. அவர் அந்தக் குவியலில் பாய்ந்தார். மூட்டைகளை ஒற்றை ஆளாய்ப் புரட்டி எறிந்தார். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினார். நாங்கள் கத்தியது அவர் காதில் விழவில்லை. இரும்பு கிழித்துக் கையில் ரத்தம். அதுவும் தெரியவில்லை. கடைசியில் பாப்பாதான் அவரைக் காப்பாற்றியது. குளிர்ந்த தண்ணீர் பட்டதில் வீரிட்டு அழுதது. அந்த அழுகை அவர் முதுகுப் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தார். கடுக்காயின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பச்சையம்மாள் அழவில்லை. குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "ஜெபீனாம்மா, தூளி என் கல்யாணப் பொடவ."



அவையோரே, நான் உங்களைக் கேட்கிறேன். அன்று அந்தக் குழந்தையைக் காத்தது யார்? மண்டி உரிமையாளரா? இல்லை. மேஸ்திரியா? இல்லை. ஆடியில் வந்து போன ஆய்வா? இல்லை. படித்த நானா? வாசற்படியில் இருந்தபடி, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே சோறு ஊட்டிய நானா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! ஒரு குழந்தை தன் துணியை நனைத்துத் தன்னைத் தானே காத்துக்கொண்டது. நாட்டில் எத்தனையோ பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டு; நம் மண்டியில் இருந்த பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்! எல்லாக் குழந்தைகளும் சரியான நேரத்தில் நனைக்குமா? சொல்லுங்கள், நனைக்குமா?

சிரித்துவிட்டு நிறுத்திவிட்டீர்களே. நல்லது. நிறுத்தியதுதான் பதில்.

அதன் பிறகு எங்கள் மண்டியில் பட்டைகளைத் திரும்பப் பூட்டினோம். வளைந்த காலை நிமிர்த்தாமல், மாற்றினோம். ஒருமுறை மடிந்த இரும்பு மறுபடி மடியும் என்றார், விழுந்ததைப் பார்க்க வந்த ராமசாமி ஐயா. காலண்டர் வேறு ஆணிக்குப் போயிற்று. தூளிக்கென்று தாழ்வாரத்தில் தனியாக ஒரு தேக்கு உத்திரம் போட்டார் மாமா. அது சுமப்பது பிள்ளைகளை மட்டுமே. கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று நான் இறங்கிவிடலாம்.

இறங்க முடியவில்லை. ஏன் முடியவில்லை?

இவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருக்கும் இந்தக் குழந்தைகளைக் கேளுங்கள். முன்பும் இந்த அரங்கில் கூட்டம் நடந்திருக்கிறது. இத்தனை கைக்குழந்தைகளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வேலை நாளில், தூங்குகிற நேரத்தில், தூளியில் கிடக்க வேண்டிய பிள்ளைகள் ஏன் மடியில் கிடந்து புழுங்குகிறார்கள்? நான் சொல்கிறேன். நாளை ஆய்வு. அட்டை வந்துவிட்டது. இன்று காலையிலேயே நீங்கள் தூளிகளை அவிழ்த்துவிட்டீர்கள்!

எந்த மண்டி என்று கேட்க மாட்டேன். யாரும் கை தூக்க வேண்டாம். எங்கள் மண்டியிலும் அவிழ்த்தார்கள், அவையோரே! தேக்கு உத்திரத்தில், யாருக்கும் தீங்கில்லாமல் தொங்கும் தூளியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள். "இத ஏன் அவுக்கிற?" என்றேன். "நாளைக்கு ஐயா வர்றாருல்ல?" என்றாள். மறைக்க ஒன்றுமில்லாத இடத்திலும் மறைக்கப் பழகிய கை! "அதான் இப்ப ஆபத்து இல்லியே" என்றேன். என்னைப் பார்த்து அவள் சொன்னாள்: "ஆபத்து ரேக்குக்கு இல்லம்மா. வேலைக்கி. புள்ளையப் பாத்தா, புள்ளையோட வராதன்னுடுவாங்க."

தாய்மார்களே, நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தூளியைக் காட்டினால் வேலை போகும். காட்டாவிட்டால் பிள்ளை போகும். இரண்டில் ஒன்றை ஒரு தாய் தேர்ந்தெடுக்க வேண்டுமா? அப்படி ஒரு தேர்வை அவள் முன் வைத்துவிட்டு, வாரம் கொண்டாடி, வளைவு கட்டி, ஒலிபெருக்கி வைத்துப் பாதுகாப்பு பேசுகிறோமே, இது தகுமா?

ராமசாமி ஐயா! தூளியைக் கண்டதும் தடை போட்டுவிட்டுப் போகாதீர்கள். தடை போட்டால் தூளி ஒளியும். ஆபத்து ஒளியாது, அங்கேயே நிற்கும். தூளி எங்கே தொங்குகிறது, அதன் பக்கத்தில் எந்தப் பட்டை காணவில்லை, அதை மட்டும் பாருங்கள். மாற்று இடம் காட்டிவிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள்.

தலைவர் அவர்களே! உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தூளியைக் காட்டிய எந்தத் தாயையும் வேலையிலிருந்து நிறுத்த மாட்டோம் என்று இந்த மேடையில், இந்த ஒலிபெருக்கியில் நீங்கள் சொல்ல வேண்டும். இதோ, நான் விலகி நிற்கிறேன்.

கேட்டீர்களா அவையோரே? "நிறுத்த மாட்டோம்மா. எங்க மண்டியில மட்டும் இல்ல, சங்கத்துல யாரும் நிறுத்த மாட்டோம்." கேட்காத பின்வரிசைக்காக நான் மறுபடி சொல்கிறேன்: நிறுத்த மாட்டார்கள்! சொன்னவர் சர்புதீன் பாய். சாட்சி இந்த ஊர்.

அங்கே யார் எழுந்து நிற்பது? பச்சையம்மாளா? பேசு, சத்தமாகப் பேசு.

"அப்ப நாளைக்குக் கட்டட்டுமா?"

கட்டு! எல்லோரும் கட்டுங்கள்! எப்போதும் கட்டும் இடத்திலேயே, எப்போதும் போலவே முடிச்சிடுங்கள். ஆனால் பிள்ளை மட்டும் அதில் வேண்டாம். பிள்ளை உங்கள் இடுப்பில் இருக்கட்டும். வெறும் தூளி தொங்கட்டும். ஆய்வாளர் வந்து அதைப் பார்க்கட்டும். கழற்றிய பட்டை தரையிலேயே கிடக்கட்டும். அதையும் பார்க்கட்டும். அவர் கண்ணெதிரில் முடிச்சு அவிழட்டும். அவர் கண்ணெதிரில் போல்ட்டு இறுகட்டும். அந்த நாள்தான் ஆய்வு நாள். மற்றதெல்லாம் அலங்கார நாள்!

இவ்வளவு நேரம் புழுக்கத்தையும் அழுகையையும் பொறுத்து என்னைக் கேட்ட பெரியோர்களுக்கும், நடுவில் கேலி செய்து என் வேலையை எளிதாக்கிய பின்வரிசை அண்ணனுக்கும், தூண் ஓரம் நின்றபடி தன் கதையைத் தலை குனியாமல் கேட்ட மேஸ்திரிக்கும், என்னை விடவும் உரத்துப் பேசிய குழந்தைகளுக்கும் என் நன்றி. உங்கள் கூரைகளின் கீழ் அமைதி நிலவட்டும்.

தாய்மார்களே, போகிற வழியில் மூட்டைக்குப் பின்னால் மடித்து வைத்த துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் வேண்டும்.

வணக்கம்.